படர்தாமரையும் பதினைந்து கிராம் ட்யூபும்

படர்தாமரைக்குப் பூசு மருந்து கிடைக்காத ஊர் இன்று தமிழ்நாட்டில் இல்லை. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலே பல வகை ட்யூப்களை எடுத்து வைப்பார்கள். அப்படியிருந்தும், கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தியா முழுவதும் தோல் மருத்துவர்களின் புறநோயாளிப் பிரிவை நிரப்பி வருவது இந்தப் பழைய நோய்தான். முன்பெல்லாம் மூன்று நான்கு வாரம் களிம்பு பூசினால் மறைந்த படை, இப்போது தொடையிடுக்கில் தொடங்கி இடுப்பு, பிட்டம், முதுகு, முகம் என்று பரவி ஆண்டுக்கணக்கில் ஆளை வாட்டுகிறது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் தொற்றுகிறது. மருந்தின் வீரியம் குறைந்துவிட்டதா, பூசுகிற முறையில் பிழையா, பூஞ்சையே மாறிவிட்டதா என்று கேட்டால், மூன்றிலும் உண்மை உண்டு. மூன்றுக்கும் அடியில் ஒரே பழக்கம் இருக்கிறது என்பது என் எண்ணம். அரிப்பு நின்றதும் நோய் நின்றுவிட்டதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்த நம்பிக்கையை வைத்தே ஒரு வகை ட்யூப் இந்தச் சந்தையைப் பிடித்திருக்கிறது.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். தோலில் பூஞ்சை என்று நாம் பொதுவாகச் சொல்வது மூன்று வேறு வேறு கூட்டங்களை. முதலாவது டெர்மட்டோஃபைட்டுகள். தோலின் மேலடுக்கு, முடி, நகம் ஆகியவற்றில் உள்ள கெராட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்பவை. ட்ரைக்கோஃபைட்டன், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோஃபைட்டன் ஆகியவை இதில் அடக்கம். ஓரம் சிவந்து தடித்து, நடு தெளிந்து, வட்டமாக விரியும் படர்தாமரை இவற்றின் வேலை. இரண்டாவது கேண்டிடா. மார்பின் அடிமடிப்பு, குழந்தையின் டயப்பர் படும் இடம், எந்நேரமும் தண்ணீரில் நிற்கும் கால்விரல் இடுக்கு என ஈரம் தங்கும் இடங்களில் வருவது. மூன்றாவது மலசீசியா. எல்லோர் தோலிலும் சும்மா இருக்கும் இது, வியர்வையும் எண்ணெய்ப்பசையும் கூடும்போது மார்பிலும் முதுகிலும் தேமலாகக் கிளம்பும். ஒன்றுக்குக் கேட்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காமல் போகலாம். டோல்நாஃப்டேட் டெர்மட்டோஃபைட்டுகளைத் தடுக்கும், கேண்டிடாவை ஒன்றும் செய்யாது. நிஸ்டாட்டின் கேண்டிடாவை அழிக்கும், படர்தாமரையைத் தொடாது. டெர்பினஃபின் மாத்திரை தேமலுக்குப் பயன்படாது. க்ளோட்ரிமசோல், மிகோனசோல் போன்ற அசோல் வகைக் கிரீம்கள் மூன்றுக்கும் பொதுவானவை. எந்தப் பூஞ்சை என்று உறுதியாகத் தெரியாதபோது மருத்துவர்கள் அவற்றை முதலில் எழுதுவதில் நியாயம் உண்டு.

மனித நோய் ஒன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத உயிரி காரணம் என்று முதன்முதலில் நிறுவப்பட்ட நோய்களில் பூஞ்சைப் படையும் ஒன்று. 1839இல் ஜெர்மன் மருத்துவர் ஷோன்லைன், தலையில் வரும் ஒரு வகைப் பொருக்குப் படையில் பூஞ்சை இருப்பதை எழுதினார். 1841 முதல் பாரிஸில் டேவிட் க்ரூபி அதை விரிவாக ஆராய்ந்து, பூஞ்சைதான் நோயை உண்டாக்குகிறது என்று காட்டினார். நுண்ணுயிரியலின் முன்னோடிகளான பாஸ்டரும் கோக்கும் தங்கள் பெரிய வேலைகளைத் தொடங்குவதற்கு முன்பே நடந்தவை இவை. ஆனால் காரணம் தெரிந்த பிறகும் கைக்கு உருப்படியான மருந்து வர வெகுகாலம் பிடித்தது. நம் ஊரில் சீமையகத்தி இலையை அரைத்துப் பூசினார்கள். வண்டுகொல்லி என்றும் அதற்குப் பெயர். அந்த இலையின் சாறு பூஞ்சையைத் தடுப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன. 1907இல் லண்டன் மருத்துவர் ஆர்தர் விட்ஃபீல்ட் பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்த களிம்பை அறிமுகம் செய்தார். முன்னது 6 சதவீதம், பின்னது 3 சதவீதம். சாலிசிலிக் அமிலம் இறந்த தோலை உரித்தெடுக்கும், பென்சாயிக் அமிலம் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும். எரியும், முகத்திலும் மென்மையான இடங்களிலும் பூச முடியாது. ஆனாலும் மலிவு, வேலை செய்யும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது.

அதன் பிறகு வேகம் கூடியது. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் 1950இல் நிஸ்டாட்டினை அறிவித்தார்கள். 1958இல் கிரிசியோஃபுல்வின் வாய்வழி மருந்தாகக் கைகொடுக்கத் தொடங்கியது. 1970களில் க்ளோட்ரிமசோலும் மிகோனசோலும் வந்து பூசு மருந்துகளின் முகத்தையே மாற்றின. 1990களில் டெர்பினஃபின் பரவியது. இந்த நூற்றாண்டில் ஜப்பானில் உருவான லூலிகோனசோல் சேர்ந்தது.

இவற்றில் பெரும்பாலானவை குறிவைப்பது ஒரே பொருளைத்தான். நம் செல்களின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருப்பதுபோல, பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டிரால் இருக்கிறது. அது பல கட்டங்களாகத் தயாராகிறது. டெர்பினஃபின் முன்கட்டத்தில் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதியை மறிக்கிறது. எர்கோஸ்டிரால் கிடைக்காமல் போவதோடு, செலவாகாத ஸ்குவாலீன் செல்லுக்குள் தேங்கி நஞ்சாகி டெர்மட்டோஃபைட்டைக் கொல்கிறது. அசோல்கள் பின்கட்டத்தில் வேறொரு நொதியை மறிக்கின்றன. நாம் பூசும் அளவில் அவற்றில் பல, பூஞ்சையைக் கொல்வதைவிட வளரவிடாமல் நிறுத்திவைக்கின்றன. நிறுத்திவைக்கப்பட்ட பூஞ்சை தோலோடுதான் உதிர வேண்டும். மேல்தோல் அடியிலிருந்து புதிதாக உருவாகி மேலே வந்து உதிர ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். க்ளோட்ரிமசோலைத் தினம் இருமுறை, இரண்டு முதல் நான்கு வாரம் பூசச் சொல்வதன் காரணம் இதுதான். டெர்பினஃபின் கிரீமுக்கும் லூலிகோனசோலுக்கும் ஒன்றிரண்டு வாரம் போதும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். அந்தக் கணக்கு வேறு காலத்துப் பூஞ்சையையும் வேறு நாட்டுத் தட்பவெப்பத்தையும் வைத்துப் போட்டது. இன்றைய இந்திய நோயாளிகளுக்கு அது பெரும்பாலும் பற்றுவதில்லை.

எந்தக் கிரீம் உயர்ந்தது என்ற கேள்விக்குச் சான்றுகள் தரும் விடை, கடைக்காரர்கள் தரும் விடையைவிட அடக்கமானது. மருத்துவ ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2014இல் உடல் படை, தொடையிடுக்குப் படை இரண்டுக்குமான பூசு மருந்துகளைப் பற்றி 129 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தது. 18,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் அவற்றில் பங்கேற்றிருந்தார்கள். மருந்தில்லாத வெறும் கிரீமோடு ஒப்பிடும்போது டெர்பினஃபின், நாஃப்டிஃபின், க்ளோட்ரிமசோல் எல்லாமே தெளிவாகப் பயன் தந்தன. ஒன்றையொன்று பெரிதாக விஞ்சியதற்கு வலுவான ஆதாரம் இல்லை. பல சோதனைகளின் தரமும் குறைவு. கால்விரல் இடுக்குப் பூஞ்சையில் மட்டும் டெர்பினஃபின் வகை அசோல்களைவிடச் சற்று மேல் என்று இன்னொரு காக்ரேன் ஆய்வு சொல்கிறது. ஆக, புதிதாக வந்த விலை கூடிய ட்யூப் என்பதற்காகவே அதைத் தேடிப்போக வேண்டியதில்லை. முழுக் காலமும் பூசிய சாதாரண க்ளோட்ரிமசோல், பாதியில் விட்ட லூலிகோனசோலைவிட நிச்சயம் மேல்.

அதே 2014 ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததெல்லாம் அதில் அடங்கிவிடும். அசோலோடு ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள், பார்வைக்குத் தெரியும் குணத்தில் வெறும் அசோலைவிடச் சற்று முந்தின. தோலைச் சுரண்டிப் பூஞ்சை ஒழிந்ததா என்று பார்த்தபோது அந்த முந்தல் இல்லை. கண்ணுக்கும் நகத்துக்கும் தெரிவது ஒன்று, தோலுக்குள் நடப்பது வேறு.

மெடிக்கல் ஷாப்பில் தினமும் நடப்பதைப் பாருங்கள். ஒருவர் தயங்கித் தயங்கி வருகிறார். பக்கத்தில் பெண்கள் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: “அண்ணே, தொடையிடுக்குல ஒரே அரிப்பு. தூக்கமே இல்ல. நல்ல ஆயின்மென்ட்டா ஒண்ணு குடுங்க.” கடைக்காரர் ஒரு ட்யூபை எடுத்து வைக்கிறார்: “இதத் தடவுங்க. ரெண்டு நாள்ல கேட்கும்.” அந்த ட்யூபின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் நான்கைந்து பெயர்கள் இருக்கும். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்றிரண்டு, கூடவே குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் அல்லது பெக்லோமெத்தசோன். கடைசியில் சொன்ன மூன்றும் ஸ்டீராய்டுகள். குளோபெட்டசால் பூசு ஸ்டீராய்டுகளிலேயே மிகுந்த வீரியம் உள்ள வகையைச் சேர்ந்தது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. இரண்டு நாளில் கேட்கத்தான் செய்யும். சிவப்பு மங்கும், அரிப்பு நிற்கும், தூக்கம் வரும். ஏனெனில் அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து நம் தோல் நடத்தும் போராட்டத்தின் அறிகுறிகள். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்கிவிடுகிறது. எதிர்ப்பே இல்லாத தோலில் பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. ட்யூபை நிறுத்திய சில நாளில் படை முன்னைவிடப் பெரிதாகத் திரும்புகிறது. திரும்பியதும் அதே ட்யூபை வாங்குகிறார்கள், ஏனென்றால் போன தடவை அது கேட்டது. இந்தச் சுழலில் ஓராண்டு, இரண்டாண்டு கழித்தவர்களைத்தான் தோல் மருத்துவர்கள் இன்று அதிகம் பார்க்கிறார்கள்.

ஸ்டீராய்டு பூசிய படை படைபோலவே தெரியாது. வட்டம் சிதையும், ஓரம் மங்கும், வட்டத்துக்குள் வட்டம் முளைக்கும். பார்த்தவுடன் சொல்லக்கூடிய நோயை மருத்துவரே அடையாளம் காணத் திணறும் இந்த நிலையை 1968இல் ஐவ், மார்க்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் ‘டினியா இன்காக்னிட்டோ’ என்ற பெயரில் பதிவு செய்தார்கள். பூஞ்சை போனாலும் தோல் பழைய நிலைக்கு வராமல் போகலாம். தொடையிடுக்கின் தோல் மெலிந்து, பிரசவத் தழும்புபோல அகலமான வரிகள் இளம் ஆண்களுக்கும் விழுகின்றன. அவை அழிவதில்லை. குழந்தைகளுக்கு அதிக இடத்தில், அதிக நாள் பூசினால் மருந்து ரத்தத்தில் கலந்து, உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டையே குறைத்துவிடும். முகம் உப்பி, வளர்ச்சி குன்றிய குழந்தைகளை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. வீட்டில் அண்ணன் பூசும் ட்யூபைத் தம்பி, தங்கைக்கும் பூசிவிடும் அம்மாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு வீரியமான மருந்து கடையில் சீட்டில்லாமல் கிடைத்தது எப்படி? மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான எச் அட்டவணையில் ஸ்டீராய்டுகள் உண்டு. ஆனால் அந்த அட்டவணையின் குறிப்பிலேயே, உடம்பின் மேல் பூசும் மருந்துகளுக்குப் பெரும்பாலும் விலக்கு இருந்தது. மேலே பூசுவதால் என்ன ஆகிவிடப் போகிறது என்ற பழைய எண்ணம் சட்டத்துக்குள்ளேயே குடியிருந்தது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் ஆண்டுக்கணக்கில் விடாமல் வாதாடிய பிறகு, 2018இல் 14 பூசு ஸ்டீராய்டுகள் சீட்டு மருந்துகளாக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. குளோபெட்டசால் கலந்த தோல் கிரீம்கள் பலவும் அந்தப் பட்டியலில் இருந்தன. சரியான நடவடிக்கைதான். ஆனால் ஒரு சேர்க்கை தடையானால் இன்னொரு சேர்க்கை புதிய பெட்டியில் வருகிறது. கடையில் சீட்டைக் கேட்பவர்கள் இன்றும் குறைவு. சட்டத்தைக் கடைவாசல் வரை கொண்டுபோக நமக்கு இன்னும் மனமில்லை என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இதற்கிடையில் பூஞ்சையும் மாறிவிட்டது. ஒரு தலைமுறை முன்பு இந்தியப் படைகளில் பெரும்பாலும் ட்ரைக்கோஃபைட்டன் ரூப்ரம் இருந்தது. பின்னர் ட்ரைக்கோஃபைட்டன் மென்டாக்ரோஃபைட்டிஸ் குழுவைச் சேர்ந்த ஒரு வகை அதை ஓரங்கட்டியது. 2018 வாக்கில் டெல்லி ஆய்வாளர்கள் டெர்பினஃபினுக்கு அடங்காத பூஞ்சைகளைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். மருந்து பற்ற வேண்டிய ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் நொதியில், மரபணு மாற்றத்தால், 397ஆவதாக ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லியூசின் என்ற வேறொன்று உட்கார்ந்திருந்தது. அந்த ஒரு மாற்றம் போதும், மருந்து நொதியைப் பிடிக்க முடியாது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நேபாளத்தையும் இந்தியாவையும் சேர்ந்த நோயாளிகளிடம் எடுத்த இந்தப் பூஞ்சைக்கு ட்ரைக்கோஃபைட்டன் இன்டோட்டீனியே என்று தனிப் பெயர் சூட்டினார்கள். 2023 மே மாதம் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இது கண்டறியப்பட்டதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. ஒருவர் வங்கதேசம் சென்று வந்தவர், மற்றவர் வெளிநாடே போகாதவர்.

ஸ்டீராய்டு கிரீம்தான் இந்தப் பூஞ்சையை உருவாக்கியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அரைகுறை மருந்தும் அடக்கப்பட்ட எதிர்ப்பும் சேர்ந்து கோடிக்கணக்கான உடல்களில் ஆண்டுக்கணக்கில் நடந்தால் தேறி நிற்பது எந்த வகைப் பூஞ்சை என்பதைச் சொல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை. இதன் விளைவு, கிரீம் மட்டும் போதும் என்று முன்பு சொன்ன இடங்களில் இப்போது மாத்திரையும் வேண்டியிருக்கிறது. 2018இல் வெளியான இந்திய நிபுணர்களின் பொதுக் கருத்தறிக்கை, பரவலான அல்லது திரும்பத் திரும்ப வரும் படைக்கு இரண்டையும் சேர்த்தே தரச் சொல்கிறது. டெர்பினஃபின் கேட்காதவர்களுக்கு இட்ராகோனசோல் கைகொடுக்கிறது. ஆனால் அதற்கும் பல வாரம், சிலருக்குச் சில மாதம் ஆகிறது.

கிரீமால் எந்நாளும் ஆகாத இடங்களும் உண்டு. தலையில் வரும் படைக்குப் பூஞ்சை முடியின் வேருக்குள் இருப்பதால் மாத்திரைதான் வழி. நகத்துக்கு அமரோல்ஃபின், சைக்ளோபிராக்ஸ் போன்ற நகப்பூச்சு மருந்துகள் இருந்தாலும், தடித்த நகத்தைத் தாண்டி மருந்து இறங்குவது கடினம். தேமலுக்கு நேர்மாறு. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவைச் சில நாள் தேய்த்து, ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால் பூஞ்சை போய்விடும். நிறம் திரும்பத்தான் மாதங்கள் ஆகும். அந்த வெளுப்பைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று மறுபடியும் பூசுவது வீண். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: தேமல்போல இருந்து, தொட்டால் உணர்ச்சி குறைவாகத் தெரிந்தால், அது தொழுநோயாக இருக்கலாம். எந்தக் கிரீமும் பூசாமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சந்தேகம் வந்தால் தீர்க்க எளிய சோதனை இருக்கிறது. பழைய மருந்தை ஒன்றிரண்டு வாரம் நிறுத்திய பிறகு, படையின் ஓரத்தில் மழுங்கிய கத்தியால் இலேசாகச் சுரண்டுவார்கள். வெண்பொடிபோல விழுவதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி விட்டுச் சற்று சூடாக்குவார்கள். தோல் செல்கள் கரைந்து தெளிய, நுண்ணோக்கியின் கீழ் கிளைவிட்ட மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை உறுதி. சில நிமிட வேலை, மிகக் குறைந்த செலவு. எக்ஸிமாவுக்கும் சொரியாசிஸுக்கும் மாதக்கணக்கில் பூஞ்சைக் கிரீம் பூசுவதையும், பூஞ்சைக்கு எக்ஸிமா மருந்து பூசுவதையும் இந்த ஒரு துளி தடுத்துவிடும்.

பூசும் முறைக்கு வருவோம். இந்தியத் தோல் மருத்துவர்கள் இரண்டு இரண்டாக நினைவில் வைக்கச் சொல்கிறார்கள். படையின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை பூசுவது, தினம் 2 முறை பூசுவது, கண்ணுக்கு மறைந்த பிறகும் 2 வாரம் தொடர்வது. தாண்டிப் பூசுவதற்குக் காரணம், பூஞ்சை சிவந்த ஓரத்துக்கு வெளியிலும் பரவியிருப்பது. குளித்துத் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்ந்த பின் பூச வேண்டும். உள்ளாடையும் துண்டும் தனித்தனி. வெந்நீரில் துவைத்து, உட்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் காயப்போடுவது நல்லது. அரைஞாண் கயிற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்நேரமும் வியர்வையில் ஊறும் அந்தக் கயிறு பூஞ்சைக்குப் பதுங்குமிடம். படை குணமாகும்வரை அதைக் கழற்றிவைக்கச் சொல்வது மருத்துவர்களின் அனுபவ அறிவுரை. வீட்டில் எல்லோருக்கும் படை இருந்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் மருந்து பூச வேண்டும். ஒருவருக்கு மட்டும் பார்த்தால், அடுத்தவர் துண்டிலிருந்து அது திரும்பி வரும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, மருந்தின் அளவைச் சொல்லாமல் விட்டால் பயனில்லை. சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளமாகப் பிதுக்கினால் கிடைப்பது ஏறத்தாழ அரை கிராம் கிரீம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். இரு தொடையிடுக்கும் பிட்டமும் சேர்ந்து நான்கு உள்ளங்கை அளவுக்குப் படை உள்ளவருக்கு ஒரு வேளைக்கு 1 கிராம், தினம் 2 கிராம் வேண்டும். 15 கிராம் ட்யூப் ஒரு வாரத்தில் தீரும். நான்கு வாரத்துக்கு 56 கிராம், அதாவது ஏறத்தாழ நான்கு ட்யூப். நோயாளியின் கையில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் ஒன்று. அது தீரும் நாளில்தான் அரிப்பும் நிற்கத் தொடங்கியிருக்கும். இரண்டாவது ட்யூபுக்குக் காசு செலவழிக்க யாருக்குத் தோன்றும்? கூலி வேலைக்குப் போகிறவரிடம் இதைக் கவனக்குறைவு என்று குற்றமாகச் சொல்வதில் நியாயமில்லை. மருந்துச் சீட்டில் கிரீமின் பெயரோடு மொத்தம் எத்தனை கிராம், எத்தனை வாரம் என்று எழுதுவதும், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அந்த முழு அளவையும் ஒரே தடவையில் கொடுப்பதும் பெரிய செலவில்லை. க்ளோட்ரிமசோல் விலை மலிந்த மருந்துதான். நான்கு ட்யூபையும் முறையாகப் பூசிய பிறகும் படை அடங்கவில்லையென்றால், ஐந்தாவதை வாங்காமல், தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கிற மருத்துவரிடம் போக வேண்டும்.